மகியின் தாடைக்குப் போட்ட விலை

அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். என் அக்கா செல்வி, அவள் மடியில் ஆறு வயது மகி, பக்கத்தில் ஃபைலோடு நான், மேசைக்கு அந்தப் பக்கம் தாடை அறுவை டாக்டர், அவர் பின்னால் குறிப்பெழுதும் ஜூனியர். இல்லாதவர்களையும் சொல்லிவிடுகிறேன். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், ராமச்சந்திராபுரம் ஷிப்ட் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். நைனா, எங்கள் அப்பா, செகந்திராபாத் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அம்மா கதவுக்கு வெளியே. குழந்தையோடு இரண்டு பேருக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். இன்னொருவரும் அங்கே இல்லை. சதையைத் துளி வெட்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, லென்ஸ் வழியாகப் பார்த்து, இது இன்னது என்று சொல்கிற டாக்டர். அப்படி ஒருவர் உண்டு என்றே அன்று எங்களுக்குத் தெரியாது. அது தெரிந்த மனிதர் மேசைக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். அதைத்தான் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மகி இப்போது முறுக்கு கடிக்கிறாள். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுத முடிகிறது. அவள் கூழ் குடித்துக்கொண்டிருந்த நாட்களில் எழுதியிருந்தால் வசவு தவிர வேறொன்றும் வந்திருக்காது. அந்த மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. வாயில் வளர்ச்சியோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு அந்தப் பெயரைவிட, அங்கே கேட்காமல் விட்ட ஒரு கேள்விதான் உதவும்.

சங்கராந்தி சமயத்தில் பக்கத்து வீட்டார் கொடுத்த அரிசெலுவை, நம் அதிரசத்தை, கடித்தபோது மகிக்குக் கீழ்க் கடைவாயில் ஒரு பால் பல் பாதியாக உடைந்தது. பால் பல்தானே, விழுகிற பல்தானே என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு மாதத்தில் அந்த இடத்து ஈறில் கடுகளவு ஒன்று முளைத்தது. பிறகு பட்டாணி. பிறகு நாவற்பழம்போல ஊதா நிறம். பல் துலக்கினால் ரத்தம். மகி அதற்கு நாவற்பழம் என்றே, தெலுங்கில் நேரேடு பண்டு என்று பேர் வைத்து, பள்ளியில் ஒரு பென்சிலுக்கு ஒரு தடவை என்று திறந்து காட்டியிருக்கிறாள். நாங்கள் பேசும் தமிழ் அவளுக்கு எல்லாம் புரியும். பதில் மட்டும் தெலுங்கிலோ இந்தியிலோதான் வரும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். பி.காம். முடித்துக் குஷாய்குடாவில் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அதனால் ரேஷன் கார்டிலிருந்து கேஸ் சிலிண்டர்வரை வீட்டின் எல்லாப் படிவமும் என் கைக்குத்தான் வரும். அந்த மருத்துவமனை வரவேற்பில் நாலு பக்கம் ஆங்கிலப் படிவம் கொடுத்தார்கள். நான் பேனாவைத் தூக்காமல் எழுதினேன். அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று, புரியாத எழுத்தைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் பக்கத்தில், குடும்பத்தில் யாருக்காவது இதுபோல வந்ததுண்டா என்றொரு கேள்வி. அம்மாவைக் கேட்டேன்.

"உங்க சித்தப்பனுக்கு வாயில கட்டி வந்துச்சே. மூஞ்சே வீங்கிப்போச்சு. அதுக்கு அப்பாலதான் போய்ச்சேர்ந்தான்."

சித்தப்பா இறந்தபோது எனக்கு மூன்று வயது. அவர் எப்படிப் போனார் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் ஒரே வரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் படிவத்தைப் பார்த்தார். அங்கேயே எடுத்த ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்தார். மகியின் வாயை எவ்வளவு நேரம் பார்த்தார் என்று என்னைக் கேட்டால், தொண்டைக்குள் டார்ச் அடித்து எடுக்கும் நேரம். கட்டிக்குக் கீழே எலும்பு அரித்திருக்கிறது, குடும்பத்தில் வேறு இருக்கிறது, இது கெட்ட ஜாதியாக, கேன்சராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று எங்களிடம் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். நாங்கள் தமிழ்க்காரர்கள் என்று படிவத்தில் இருந்தது. குழந்தைக்குத் தெலுங்கு தெரியாது என்று அவரே முடிவு செய்துகொண்டார்போல. ஜூனியர் பக்கம் திரும்பித் தெலுங்கில், "ஈ பக்க தவட தீசெய்யாலி" என்றார். தவட என்றால் தாடை. இந்தப் பக்கத்துத் தாடையை எடுத்துவிட வேண்டும் என்றார்.

அக்காவுக்கு அது பாதிதான் புரிந்தது. எனக்கு முழுதும் புரிந்தது. எங்கள் இருவரையும்விட நன்றாகப் புரிந்தவள் அக்காவின் மடியில் இருந்தாள். சாயங்காலம் பஸ்ஸில் என் காதருகே வந்து கேட்டாள்:

"மாமா, தவட தீசேஸ்தே அன்னம் எட்லா தினாலி?"

தாடையை எடுத்துவிட்டால் சோறு எப்படித் தின்பது. அந்தப் பஸ்ஸில்தான் முடிவு செய்தேன். இந்த மனிதர் ஒரு நாள் இதே தெலுங்கில், இதே பிள்ளையிடம், சொன்னதைத் திரும்ப வாங்க வேண்டும்.

அதற்கு முன்னால் பணம். பேக்கேஜ் விவரம் சொல்லும் அறையில் ஒரு பெண் மூன்று லட்சத்து எண்பத்தைந்தாயிரம் என்று அச்சடித்த தாளைக் கொடுத்தார். தாடைக்குப் பதிலாக வைக்கும் தகடு அதில் சேராது. ஆபரேஷன் தியேட்டரில் தேதி பிடிக்க முன்பணம் இருபத்தைந்தாயிரம். அக்கா காதிலிருந்ததையும் கழுத்திலிருந்ததையும் மோண்டா மார்க்கெட் பக்கம் அடகு வைத்து அதைக் கட்டினாள். மாமா வேலை பார்க்கும் பஸ் கான்ட்ராக்டரிடம் ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு உண்டு. அந்த நம்பிக்கையில் தாளை எடுத்துக்கொண்டு போனேன்.

காப்பீட்டு ஆபீஸில் இருந்த அம்மாள் எங்கள் ஃபைலை இரண்டு முறை புரட்டிவிட்டு, "பயாப்ஸி எங்கே?" என்று கேட்டார்.

நான் ஸ்கேனைக் காட்டினேன். அது போட்டோ என்றார். ரத்தப் பரிசோதனையைக் காட்டினேன். அது ரத்தம் என்றார். துண்டு எடுத்துப் பார்த்த தாள் இல்லாமல் ஒரு ரூபாயும் வராது, அடுத்த ஆள் வாங்க என்றார். அன்றைக்கு அந்த அம்மாளையும் என் பழி வாங்கும் பட்டியலில் சேர்த்தேன். இன்று அவர் வீடு தெரிந்தால் பழத்தட்டோடு போய் நிற்பேன்.

மருத்துவமனைக்குப் போன் செய்து அந்தத் தாளைக் கேட்டேன். துண்டெல்லாம் எடுக்கவில்லை, டாக்டர் மொத்தமாக எடுத்தபிறகே பரிசோதனைக்கு அனுப்புவார் என்றார்கள். எடுத்தபிறகு அது நல்ல ஜாதி என்று வந்தால் என்று கேட்டேன். பேக்கேஜ் பெண் கொஞ்சம் சிரித்தார். "நீங்க டாக்டரா சார்?"

இல்லை. மூட்டை தூக்குகிறவர் மகன். அந்தச் சிரிப்பும் என் கணக்கில் ஏறியது.

ஆக, டாக்டரின் மேல் சந்தேகப்பட்டு நாங்கள் வேறு இடம் போகவில்லை. அவ்வளவு அறிவு எனக்கு இருந்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஒரு தாளுக்காகப் போனோம். அரசுப் பல் மருத்துவமனையில் துண்டெடுத்துத் தாள் கொடுப்பார்கள் என்று யாரோ சொல்ல, அம்மா, அக்கா, மகி, நான் காலை ஏழு மணிக்கே டோக்கன் வரிசையில் நின்றோம்.

காத்திருக்கும் கூடத்தில் பெஞ்சு போதாது. எல்லோரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நைனா முந்தின நாளே பார்சல் ஆபீஸில் கண்ணாடிச் சாமான் சுற்றி வந்த குமிழ் பிளாஸ்டிக் தாள் ஒன்றை மடித்துக் கொடுத்திருந்தார். மகி ஒவ்வொரு குமிழாக நசுக்கி உடைத்தாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் தனக்கும் ஒரு வரிசை கேட்டு வாங்கி உடைத்துக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்தவர் மேல்படிப்புப் படிக்கும் இளம் பெண் டாக்டர். மகியை பங்காரம், தங்கம் என்று கூப்பிட்டார். தன் கையுறையை ஊதி பலூனாக்கிக் கொடுத்தார். பிறகு அந்த நேரேடு பண்டுவை விரலால் மெல்ல அழுத்தி, வெளுக்கிறதா, துடிக்கிறதா, அசைகிறதா என்று பார்த்தார். எத்தனை நாளாக, எந்தப் பல் உடைந்தது, ரத்தம் எப்போது வருகிறது என்று அக்காவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். கட்டை விரல் அகலத்துக்கு ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். அதை நகத்தால் சுட்டிக்காட்டி, உடைந்த பால் பல்லின் வேர்த்துண்டு உள்ளேயே இருக்கிறது, அது ஈறை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது என்றார்.

எனக்கு அந்தத் தாள்தான் வேண்டும், மேடம் என்றேன். முந்தைய ஃபைலில் இருந்த ஸ்கேனைப் பார்த்தார். "பீஸ் தீசுக்கோலேதா?" என்றார். துண்டு எடுக்கவே இல்லையா. அவர் முகத்தில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான். அந்த ஆச்சரியம் எனக்கு ஒரு புட்டி நல்லெண்ணெயாக இருந்தது. உள்ளே எரிந்துகொண்டிருந்ததில் ஊற்றிக்கொண்டேன்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். குழந்தைகளின் ஈறில் இப்படி ஊதா நிறத்தில் வளருவதற்குப் பல காரணங்கள் உண்டு. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ரத்தக்குழாய்கள் சுருண்டு முடிச்சாக இருந்தால் கத்தி வைக்கவே கூடாது. அதனால் முதலில் வெறும் ஊசியைக் குத்தி இழுத்துப் பார்த்தார், ரத்தம் பீறிடவில்லை. கழுத்திலிருக்கும் ஒரு சின்னச் சுரப்பி கெட்டால் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து, தாடையில் இதே மாதிரி வளர்ச்சி வரும். அப்போது வாயை வெட்டிப் பயனில்லை, சுரப்பியைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு ரத்தப் பரிசோதனை. இவை இல்லையென்றால் உறுத்தலால் வருகிற, கெடுதல் இல்லாத ஒரு வளர்ச்சி உண்டு. இந்த வயதில் அபூர்வம். அதுவும் அடியிலிருக்கும் எலும்பை லேசாகக் குழிப்பதுண்டு. எதுவென்று சொல்ல வேண்டியது கண் இல்லை, லென்ஸ்.

மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவு துண்டு எடுத்துச் சின்னப் புட்டியில் போட்டார்கள். ஊசியைப் பார்த்ததும் மகி, "நக்கோ ஆன்ட்டி, நக்கோ", வேண்டாம் வேண்டாம் என்று என் சட்டையைப் பிடித்தாள். பிறகு குமிழ்த்தாளைக் கையில் கொடுக்கவும், டாக்டர் வேலை செய்யச் செய்ய அவள் டப் டப்பென்று உடைத்தபடி இருந்தாள்.

முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் வீட்டில் யாரும் மொறுமொறுப்பாக எதையும் வாங்கவில்லை. அம்மா கேழ்வரகுக் கூழை ஆற்றி, வெல்லம் கரைத்து, விரலால் தொட்டுச் சூடு பார்த்துக் கொடுத்தாள். மாமா லீவு நாளில் டிப்போவுக்கு அழைத்துப்போய், ஓடாத பஸ்ஸில் டிரைவர் சீட்டில் உட்கார வைத்து ஹாரன் அடிக்கவிட்டார். அக்கா தன் சோற்றை ஒரு பக்கமாகவே மென்றாள். மகி எந்தப் பக்கம் மெல்லுவாளோ அந்தப் பக்கம். கவனித்தது நான் மட்டும்தான்.

நானோ அந்தத் தாடை டாக்டரின் நடமாட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். எந்தெந்தக் கிழமை உட்காருகிறார், ஒரு ஆளுக்கு எத்தனை நிமிஷம், கட்டணம் எவ்வளவு. எண்ணூறு ரூபாய்க்குப் பத்து நிமிஷம். அவருடைய பத்து நிமிஷத்தை நான் விலை கொடுத்து வாங்கமுடியும். ஏழைக்கு அதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது.

பதினோராம் நாள் தாள் வந்தது. ஜயன்ட் செல் கிரானுலோமா என்றிருந்தது. அக்கா பயந்துபோய் அர்த்தம் கேட்டாள். ராட்சத என்று சொல்ல வாயெடுத்து விழுங்கிவிட்டேன். உறுத்துகிற இடத்தில் உடம்பு அனுப்பிய அணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிட்டன, அவ்வளவுதான், கேன்சர் இல்லை என்று அந்த இளம் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தும் சரி, சுரப்பியும் சரி. அக்கா அந்தக் கூடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் அதே நாற்காலியில், அதே டாக்டர், தன் ஆசிரியர் பக்கத்தில் நிற்க, அதை எலும்புவரை எடுத்து, வேர்த்துண்டையும் பிடுங்கி, அடியைச் சுரண்டி, நாலு தையல் போட்டார். திரும்ப முளைக்கக்கூடும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றார். தாடை இருந்த இடத்திலேயே இருந்தது. அன்று சாயங்காலம் மகி ஐஸ்கிரீம் தின்றாள். அது மருந்துச் சீட்டிலேயே எழுதியிருந்தது.

தனியார் மருத்துவமனையில் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டதில் ஏழாயிரம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். பிறகு நான் அதே தாடை டாக்டரிடம் மகி பெயரில் அப்பாயின்ட்மென்ட் எடுத்தேன். இந்தத் தடவை அக்கா வரவில்லை. அந்த வாசலையே மிதிக்கமாட்டேன் என்றாள். அம்மா வந்தாள். மகி வந்தாள்.

உள்ளே போனதும் தாளை மேசைமேல் வைத்து, படியுங்கள் என்றேன். அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். நல்லதாப் போச்சு என்றார்.

நான் பஸ்ஸில் பலமுறை ஒத்திகை பார்த்ததைத் தெலுங்கில் சொன்னேன். "எங்களுக்கு நல்லதாப் போச்சு சார். நீங்க துண்டெடுத்துப் பார்த்திருந்தா உங்களுக்கும் நல்லதாப் போயிருக்கும். பாதித் தாடையை எடுத்துட்டு, அப்பறம் இந்தத் தாளை எங்க கையில கொடுத்திருப்பீங்க. அப்ப எங்க மூஞ்சில எப்படி முழிச்சிருப்பீங்க?"

அவர் கோபப்படவில்லை. பழைய ஃபைலை வரவழைத்து, மூன்றாம் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "இது யார் எழுதினது?"

என் கையெழுத்து. எனக்கே பிடித்த, கோணல் இல்லாத ஆங்கிலக் கையெழுத்து. சித்தப்பா, வாயில் டியூமர், அதனால் மரணம். அவ்வளவுதான் ஒரு வரி. கட்டிக்கு அகராதியில் போட்டிருந்த அர்த்தத்தை எழுதியிருந்தேன். 'அதுக்கு அப்பால' என்று அம்மா சொன்னதை 'அதனால்' ஆக்கியிருந்தேன்.

அம்மாவிடம் தமிழில் கேட்டேன், சித்தப்பாவுக்கு வந்தது என்ன கட்டி என்று.

"சீழ்க் கட்டிடா. சொத்தைப் பல்லுல வந்துச்சு. ஒடச்சு வுட்டதும் ரெண்டு நாள்ல வடிஞ்சிடுச்சு."

"அப்ப எப்படிச் செத்தாரு?"

அம்மா டாக்டரைப் பார்த்தாள். மகியைப் பார்த்தாள். இருபது வருஷமாக மூடி வைத்ததை அந்த ஏ.சி. அறையில் திறந்தாள். "குடிச்சிட்டு தண்டவாளத்துல படுத்துகினு இருந்தான். அது ஒரு ரெண்டு வருசம் கழிச்சு."

நான் டாக்டருக்கு அதைத் தெலுங்கில் சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாக நிதானித்துச் சொன்னேன்.

அவர் அந்த மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார். பிறகு, "இந்த வரியைப் படிச்சபிறகு நான் வேற எதையும் யோசிக்கலை" என்றார்.

"அதுதான் சார் தப்பு" என்றேன். "நான் கணக்கு எழுதறவன். நான் எழுதின ஒரு வரியை நம்பி நீங்க தாடையை அறுக்கலாமா?"

அவர் ஃபைலை மூடினார். என் குரல் நான் நினைத்திருந்த உயரத்துக்கு எழும்பவில்லை. ஆனால் பத்து நிமிஷத்தில் இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது, அது என் காசு. அன்று ஜூனியரிடம் தெலுங்கில் சொன்னீர்களே, அது இவளுக்குப் புரிந்தது, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் முகம் அப்போதுதான் மாறியது. தாளுக்கு மாறவில்லை, ஃபைலுக்கு மாறவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து வந்து மகியின் முன்னால் குனிந்தார்.

"நீ தவடக்கி ஏம் காதம்மா." உன் தாடைக்கு ஒன்றும் ஆகாதம்மா.

மகி வாயைப் பெரிதாகத் திறந்து, தையல் ஆறிய இடத்தைக் காட்டிவிட்டு மூடினாள். "நாக்கு தெலுசு. ஆன்ட்டி செப்பிந்தி." எனக்குத் தெரியும், ஆன்ட்டி சொல்லிட்டாங்க.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அம்மா என்னைத் திட்டவில்லை. "நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்டா" என்றாள். டாக்டருக்காக நான் தீட்டி வைத்ததெல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு வாக்கியத்தின் கூருக்கு வராது.

என் பங்குப் பழியை நான் எடுத்துக்கொண்டேன். அவர் பங்கை அவருக்குத் தள்ளுபடி செய்யவில்லை. தப்பான வரி எழுதுகிறவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். கட்டி என்றால் சீழும்தான், சதையும்தான், கேன்சரும்தான் எங்கள் வீடுகளில். அதற்காகத்தான் அந்த லென்ஸ் இருக்கிறது. யார் என்ன பெயர் சொன்னாலும், எவ்வளவு பெரிய அறையில் உட்கார்ந்து சொன்னாலும், துண்டு எடுத்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். நீங்கள் டாக்டரா என்று சிரித்தால், இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடியும் கேளுங்கள்.

காப்பீட்டில் கடைசிவரை ஒன்றும் வரவில்லை; அட்மிட் ஆகாத சிகிச்சைக்குக் கிடையாதாம். அரசு மருத்துவமனைச் சீட்டு, வெளியே எடுத்த ரத்தப் பரிசோதனை, மருந்து, ஆட்டோ எல்லாமுமாக நாலாயிரத்து அறுநூற்று நாற்பது. தனியார் இடத்தில் முதல் சந்திப்பு எண்ணூறு, ஸ்கேனும் பரிசோதனைகளும் ஒன்பதாயிரத்து அறுநூறு, முன்பணத்தில் பிடித்தது ஏழாயிரம், அக்கா நகைக்குக் கட்டிய வட்டி இரண்டாயிரத்து நூற்று ஐம்பது. கடைசிப் பத்து நிமிஷத்துக்கு இன்னொரு எண்ணூறு. அதை மட்டும் வீட்டுக் கணக்கில் எழுதாமல் என் சம்பளத்தில் போட்டேன். ஆக மொத்தம் இருபத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ரூபாய்.